குடத்துக்குள் ஒரு லிசியஸ்

லிசியஸ் வாசலை எட்டியபோது வீட்டுக்குள் அவனே பேசிக்கொண்டிருந்தான்.

"ஆட்டுக்குட்டிக்கு வயிறு சரியில்லே, லூமேன். கொய்யா இலையை அரைச்சுக் குடு."

அவன் குரல்தான், சந்தேகமே இல்லை. வெள்ளைத் துணி சுற்றிய மண்குடம் ஒன்றிலிருந்து வந்தது. அதன் எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி லூமேன் நிமிர்ந்தாள். கத்தி நழுவி விழுந்தது.

ஹைட்டியின் அந்தக் கடற்கரையில் செத்தவர்கள் ஆவியாக ஒரு வருடமும் ஒரு நாளும் நீருக்கடியில் இருப்பார்கள். பிறகு மம்போ என்னும் பெண் பூசாரி ஆவியை மேலே அழைத்துக் குடத்தில் குடியேற்றுவாள். முன்பெல்லாம் அது மங்கலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடங்கிவிடும். குரற்குடம் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. ஒவ்வொருவர் காதிலும் பதித்த செவிமணி, கேட்டதையும் பேசியதையும் வாழ்நாள் முழுக்கக் காப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆள் போனதும் அவ்வளவையும் கொட்டி, அவரைப் போலவே யோசிக்கும் குடத்தைச் செய்துவிடுவார்கள். மம்போக்களே மனதார ஏற்றுக்கொண்டார்கள். மறதியே இல்லாத ஆவி யாருக்குத்தான் கசக்கும்?

லிசியஸின் படகு புயலில் கவிழ்ந்தது. அவன் செவிமணி கடைசியாக அனுப்பியது ஒரு மூச்சுத் திணறல். மண்டையில் அடிபட்டு வேறொரு தீவில் ஒதுங்கியவன், தன் பேர்கூடத் தெரியாமல், திருட்டுத்தனமாகக் குடியேற வந்தவன் என்று பிடிபட்டுப் பதினாலு மாதம் சிறையில் கிடந்தான். பேர் நினைவுக்கு வந்து வீடு திரும்பினால், குடமேற்றி இரண்டு மாதமாகியிருந்தது.

"நான் சாகலே, லூமேன்."

அவள் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பிறகு மம்போ எர்மான்சியாவுக்கு ஆள் அனுப்பினாள்.

மம்போ வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள், அதாவது மனிதனுக்கும் குடத்துக்கும் நடுவில். "கல்யாணத்தன்னைக்கு லூமேன் காதுல என்ன சொன்னே?"

லிசியஸுக்கு எவ்வளவு துழாவியும் அந்த நாளே அகப்படவில்லை.

"புதுச் செருப்பு கடிக்குது, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்" என்றது குடம். லூமேன் விம்மினாள். அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் குடம்தான் பதில் சொன்னது.

"இவன் பொய் சொல்லலே" என்றாள் மம்போ. "உடம்பு இவனோடதுதான். ஆனா உயிர் குடத்துல இருக்கு. உயிரைப் பிரிச்சு வெச்சுட்டு உடம்பு மட்டும் நடந்தா அதுக்கு என்ன பேருன்னு உனக்கே தெரியும்மா."

ஜோம்பி. ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

லிசியஸ் குடத்தின்மேல் பாய்ந்தான். "நீயே சொல்லுடா! நான் உயிரோட இருக்கேன்னு சொல்லு!"

குடம் பேசியது. "அலை ஞாபகமிருக்கு. மூச்சு முட்டினது ஞாபகமிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்லே. நான் செத்துட்டேன், தம்பி." பிறகு, "லூமேன், அவனை விரட்டிடாதே. பாவம்" என்றது. அவனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அதுதான் கொடுமை.

லூமேன் விரட்டவில்லை. சுடச்சுடச் சோறும் மீனும் போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான்.

"உப்பு போட மறந்துட்டியா?"

"போட மாட்டேன்." அவன் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஜோம்பி நாக்குல உப்பு பட்டா, தான் செத்தது அதுக்குத் தெரிஞ்சுபோயிடும். எழுந்து நேரா குழிக்குப் போயிடும். உன்னை ரெண்டாவது தடவை அனுப்ப என்னால முடியாது, லிசியஸ்."

பைத்தியக்காரத்தனம் என்று கத்த வாயெடுத்தான். சிறையில் தினமும் கஞ்சி குடித்தானே, அதில் உப்பு இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ருசி நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை அவள் சந்தைக்குப் போனதும் உப்பு டப்பாவைத் தேடியெடுத்தான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டினான். நக்கினால் போதும், எல்லாம் பொய்யென்று ஊருக்கே காட்டிவிடலாம். கை வாய்வரை போயிற்று. அவன் வாய் திறக்கவேயில்லை.

உப்பை டப்பாவிலேயே கொட்டி மூடினான். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும், தவறிக்கூட உதட்டில் பட்டுவிடாதபடி, சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.