இரண்டாம் மைல் கோபுரம்

புத்தளத்திலிருந்து வடக்கே போகும் பஸ், காட்டு வாசலில் றொபின்சனை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணி. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மழை கண்டு நான்கு மாதம். பாலை மரங்களுக்கடியில் சருகு கணுக்கால் மூடக் கிடந்தது.

வாசல் என்றால் ஒரு தடைக்கம்பு, டிக்கட் கொடுக்கும் சிறு அறை, பின்னால் ஒரு தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் தண்ணீர்த் தாங்கி பூட்டிய டிராக்டர். வாசல் காவலர் பஸ்தியான் வந்து அவனுடைய பையை வாங்கிக்கொண்டார். சிலாபத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். போன வருடம் நிசாந்தியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். இன்று றொபின்சனின் முகத்தைப் பார்க்கவில்லை.

நிசாந்தி, றொபின்சனின் மனைவி, இந்தக் காட்டின் தீக்காவலாளியாக இருந்தாள். போர் முடிந்து காட்டைத் திறந்தபின் ஞாயிறுதோறும் கடற்கரை முகாமுக்குக் கூட்டம் வரும். அடுப்பு மூட்டும், அணைக்காமல் போகும். புகையைக் கண்டுபிடிக்க இரண்டாம் மைலில் ஒரு கோபுரம் கட்டினார்கள். போன ஆவணியில் தீ அந்தக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டது. அவள் இறங்கவில்லை. காவலில் தூங்கிவிட்டாள் என்று இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. றொபின்சன் அதை நம்பினான். நம்பியதால் அவள்மேல் கோபம் வந்தது. கல்லறையில் அழுகை வரவில்லை.

பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. பல்லி ஊர்ந்தாலே எழுந்துவிடுகிறவள் அவள். பிறகு ஏன் இறங்கவில்லை? அதை அறியாமல் அவனால் இருக்க முடியவில்லை. எத்தாளையில் இருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு இங்கே விண்ணப்பித்தான்.

பஸ்தியான் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். காட்டுக்குள் போன் எடுக்காது. கோபுரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், வாசலில் இன்னொன்று. மேலே இருப்பவர் மணிக்கொருமுறை இரண்டு அடி அடிப்பார். வாசலில் இருப்பவர் ஒரு அடி பதில் அடிக்க வேண்டும். பதில் வந்தால், டிராக்டரும் ஆட்களும் வாசலில் நிற்கிறார்கள், தீ என்றால் வருவார்கள் என்று பொருள். பதில் வராவிட்டால் மேலே இருப்பவர் அந்தக் கணமே இறங்கி வந்துவிட வேண்டும். இப்போது மேலே மஸாஹிர் என்ற புதுப் பொடியன் இருக்கிறான் என்றார்.

இரும்புக் கம்பியை றொபின்சனின் கையில் வைத்தார்.

"இனி நீர் அடியும் தம்பி. எனக்குக் கை ஏலாது. ஒண்டையும் விட்டுடாதையும்."

மூன்று நாள் அடித்தான். காட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக இரண்டு அடி வரும். இவன் ஒன்று அடிப்பான். தீயணைக்கும் ஆட்கள் ஆறு பேரும் அங்கேயேதான் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். மணி நெருங்கினால் மட்டும் தண்டவாளத்துப் பக்கம் வரமாட்டார்கள். பஸ்தியான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். மூன்றாம் நாள், பதில் அடித்த பிறகு, காற்றில் கருகிய தலைமயிர் மணத்தது.

நான்காம் நாள் பஸ்ஸிலிருந்து பாயும் பையுமாக ஒரு இளைஞன் இறங்கினான்.

"நான் மஸாஹிர். இன்டைக்குத்தான் வேலைக்கு வாரன் நானா."

அப்படியானால் கோபுரத்தில் யார் என்று றொபின்சன் கேட்டான்.

"ஒருத்தருமில்ல. ஏணி எரிஞ்ச பொறகு புதுசு இன்னும் போடல்லயாமே. அது வரைக்கும் வாசல்ல நிக்கச் சொன்னாங்க."

அப்போது பதினொரு மணி.

டங்.

டங்.

பஸ்தியான் கொட்டிலிலிருந்து ஓடிவந்தார். "அடியும் தம்பி. கெதியா அடியும்."

றொபின்சன் அடிக்கவில்லை. "அண்டைக்கு ஆர் பதில் அடிச்சது?"

அவர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார். அந்த ஞாயிறு, காட்டுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி மாத்தயாவின் விருந்தினர் வந்திருந்தார்கள். மீன் சுடவும் கூடாரம் கட்டவும் ஆறு பேரையும் டிராக்டரையும் மாத்தயா கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். வாசல் வெறுமை என்று தெரிந்தால் கோபுரத்துக்காரி இறங்கிவிடுவாள், ஒன்று விடாமல் பதில் அடி என்று இவருக்குக் கட்டளை. பின்னேரம் கோபுரத்திலிருந்து அடி நிற்காமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இவர் பதில் அடித்தார்.

"டிராக்டர் வந்துடும் எண்டு நினைச்சன். பிள்ளையும் அதை நம்பித்தான் இருந்தது."

ஒரு மாதத்துக்குப் பிறகு சத்தம் மறுபடி தொடங்கியதாம். பதில் அடித்தால் அது அங்கேயே இருக்கும்.

"அடிக்காட்டி இறங்கி வந்துடும் தம்பி."

"ஏன் என்னட்டத் தந்தனீர்?"

"நீர் அடிச்சா அது கோவிக்காது எண்டு."

மூன்று நாள். ஒரு அடிகூட அவன் தவறவிட்டதில்லை.

றொபின்சன் கம்பியைக் கீழே போட்டான். போய்த் தடைக்கம்பைத் தூக்கிவிட்டான்.

காற்று நின்றது.

வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு காட்டுப் பாதையில் சருகு நொறுங்கியது. ஒரு காலடி. இன்னொன்று. அவசரமில்லாத நடை. பாதையில் யாருமில்லை. மிதிபட்ட இடத்தில் மட்டும் சருகு கறுத்துச் சுருண்டது.

மஸாஹிர் வாய்க்குள் ஓதத் தொடங்கினான். பஸ்தியான் முழந்தாளில் விழுந்தார்.

வெக்கை அவரைக் கடந்து போனது.

றொபின்சனின் முன்னால் வந்து நின்றது. அவனுடைய புருவ மயிர் பொசுங்கியது.

"எனக்குத் தெரியாது நிசாந்தி," என்றான்.

காதருகே, தண்ணீர் காணாத தொண்டையிலிருந்து, அவளுடைய குரல்.

"நீங்களுமாப்பா?"

அதில் கோபம் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

பஸ்தியான் மத்தியான பஸ்ஸில் போனவர் திரும்பவில்லை. கோபுரத்திலிருந்து பிறகு சத்தம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாத்தயாவின் ஜீப் வந்தது. பின்னால் விருந்தினரின் இரண்டு வான்கள். மாத்தயா இறங்கி, ஆறு பேரையும் டிராக்டரையும் கடற்கரைக்கு அனுப்பச் சொன்னார். கோபுரத்தில்தான் ஆளில்லையே, வாசலுக்கு இரண்டு பேர் போதும் என்றார். றொபின்சன் முடியாது என்றான். மாத்தயா சிரித்தார். நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

மஸாஹிர் றொபின்சனின் கையை இறுகப் பிடித்தான்.

மாத்தயாவின் வெள்ளைச் சேட்டின் முதுகில், அயன் பெட்டியை வைத்து மறந்தாற்போல, ஐந்து விரல் தடங்கள் மெல்ல மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருந்தன.

அவர் ஏறிக் கதவைச் சாத்தும்வரை றொபின்சன் ஒன்றும் சொல்லவில்லை.