நான்கு கோடு விலகிய முள்

செம்பூர் ஆய்வுக்கூடம். 1967 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. காலை 11.10.

மின்னாக்கிப் பெட்டியின் அருகே வைத்த காந்தமானியின் முள் நான்கு கோடு விலகி நின்றது. நேற்று மாலை பூஜ்யத்தில் நின்ற அதே முள்! ராக்கெட்டுக்கு மின்சாரம் தரும் அந்தப் பெட்டி மூன்று மணிக்கு ரயில் ஏறியாக வேண்டும். ராக்கெட் அதற்காகக் காத்திராது.

12.05. சப் இன்ஸ்பெக்டர் சிங்கராயர் வந்தார்.

"நாசவேலை சார்!" என்றார் பொறியாளர் வேங்கடசுப்ரமணியன். "விண்வெளியில காந்தத்தை அளக்கப் போற ராக்கெட். நம்ம மின்னாக்கியே காந்தம் கக்கினா எல்லாம் பாழ். அதனாலதான் போற கம்பியையும் திரும்பற கம்பியையும் சேர்த்து முறுக்கினோம். ஒண்ணோட காந்தத்தை இன்னொண்ணு அடிச்சுடும். திருகாணிகூடப் பித்தளை. முறுக்கினவன் இவன். எங்கேயோ பிரிச்சு விட்டிருக்கான்."

தாராவியிலிருந்து வேலைக்கு வரும் தொழிலாளி தளவாய் கைகூப்பினான். "ஒரு கம்பிகூடப் பிரிக்கல அய்யா. என்னை உள்ள போட்டா எம் பிள்ளையள யாரு பாப்பா?"

"பிறகு யார் தொட்டது?" என்றார் சிங்கராயர்.

"யாருமில்லை," என்றார் வேங்கடசுப்ரமணியன். "சீல் வெச்சாச்சு. காலம்பற கம்பளி உறை மாட்டினோம், அவ்வளவுதான். இவன் ஆம்படையா தைச்சது. பித்தான்கூடக் கிடையாது, நாடாதான்."

12.50. தளவாயின் மனைவி ஆறுமுகத்தாய் பஸ்ஸில் சோற்று வாளியோடு வந்து சேர்ந்தாள். மீன் குழம்பு வாடைக்கு வேங்கடசுப்ரமணியன் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாளி மூடியின் மேல் ஒரு துருப்பிடித்த ஆணி. சிங்கராயர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"மின்னாக்கியை நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். முள் அசையவில்லை.

"கம்பியில மின்சாரமே இல்லை. காந்தம் மட்டும் எங்கேருந்து வருது? உறையைக் கழற்றித் தூரமா வைங்க."

முள் பூஜ்யத்துக்கு ஓடியது.

"குற்றவாளி இந்த அம்மாதான்," என்றார் சிங்கராயர். உறையின் தையலைத் தடவி, பிரித்து, ஓர் இரும்பு ஆணியை வெளியே எடுத்தார். "வாளியில எதுக்கும்மா ஆணி?"

"மீனு கொண்டாறேன்லா? இரும்பு கெடந்தா வழியில காத்து கருப்பு அண்டாது."

"எங்கம்மாவும் போடுவா. உறையில?"

அவள் அழுதாள். "மனுசரே இல்லாத எடத்துக்கு ஒத்தையில போவுதுன்னு அவுக சொன்னாவ. அவுக கையால செஞ்சதாச்சேன்னு எனக்கு மனசு கேக்கல அய்யா."

வேங்கடசுப்ரமணியனுக்கு வெட்கமாகப் போயிற்று. மீன் வாளியைத் தம் கையாலேயே தூக்கித் தளவாயின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுப்பா. ரயில்ல பெட்டியோட நீயும் போகணும்."