ஐந்தாவது கட்டத்துக் கதவு

ஐந்தாவது கட்டத்தில் யாரும் கதவைத் தட்டவில்லை. இன்றும் தட்டவில்லை. ஜெபீனா ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்லெட் திரையில் அந்த நீளக் கூடத்தின் வழியே விளக்குக்காரனை இடமிருந்து வலமாக மெல்ல நடக்கவிட்டாள். எங்கோ தண்ணீர் சொட்டியது, சுவர்க் கடிகாரம் நொண்டி நொண்டி ஓடியது, பலகைத் தரை முனகியது, நீளமான கைகளுள்ள அந்த ஒன்று இருட்டிலிருந்து தரையைச் சுரண்டிக்கொண்டே வந்தது. எல்லாச் சத்தமும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக இருந்தது. தட்டும் சத்தம் மட்டும் இல்லை.

அது விளையாட்டில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் புருஷனைச் சாகவிட்டவள் அவள்தான்.

ஹயாத் பாஷாவுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்ததே அவர்தான். ஹெட்போனும் அவர் கடைச் சரக்குதான். "காதுல மாட்டிக்கினா வெளிய இடியே வுழுந்தாலும் கேக்காது பாரு" என்று பெருமையாகக் கொடுத்தார். நல்ல சரக்கு, சொன்னபடியே வேலை செய்தது.

பிள்ளையில்லாத வீட்டின் நீண்ட பகல்களை அந்த விளையாட்டு விழுங்கிக்கொண்டது. ஒரு பாழடைந்த பங்களா, அதைப் பக்கவாட்டில் அறுத்துவைத்தது போல அறைக்குப் பின் அறையாகத் தெரியும். விளக்குக்காரனின் முகம் தெரியாது, எப்போதும் பக்கவாட்டில் ஒரு நிழல் உருவம்தான். கையில் ஓர் அரிக்கேன், இன்னொரு கையில் இரும்புக்கம்பி. வெளிச்ச வட்டத்துக்குள் எது வந்தாலும் அடிக்க வேண்டும், வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பயம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது அதில் தீர்மானமாக இருந்தது. செத்துப்போனால் கடைசியாக ஏற்றிய விளக்கடியில் எழுந்துகொள்ளலாம். அந்தச் சலுகை வேறெங்கே கிடைக்கிறது?

ஹயாத் பாஷாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சொந்த வீட்டுக்குள் வருவதற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சலாம் சொல்லிக் காத்து நிற்பார்.

"நம்ம வூட்டுக்கு நம்மளே பர்மிஷன் கேக்கணுமா?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"கேட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? மூணு தரம் கேக்கணும். பதில் வரலன்னா திரும்பிடணும். நாலாவது தரம் தட்டக் கூடாது."

நாலு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகலில், இதே ஐந்தாவது கட்டத்தில், அந்த நீளக்கைகள் நெருங்கி வந்த நேரத்தில் மூன்று தட்டல் கேட்டது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறான் என்று விளையாட்டைச் செய்தவனை மெச்சிக்கொண்டே அவள் கம்பியை ஓங்கினாள். கட்டத்தை முடித்துவிட்டு, அவர் சாப்பிட வரும் நேரமாயிற்றே என்று கதவைத் திறந்தபோது, ஹயாத் பாஷா வாசற்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி வேர்வையில் நனைந்திருந்தது. போனைக் கடையில் சார்ஜில் விட்டுவிட்டு, நெஞ்சு வலிக்கிறதென்று நடந்தே வந்திருக்கிறார். அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

"தம்பி கதவத் தட்டலியா?" என்று ஹயாத் பாஷாவின் அக்கா நூர்ஜகான் அன்றே கேட்டாள்.

"இல்ல ஆப்பா. தட்டவே இல்ல."

அதன்பின் இத்தா, புருஷனை இழந்தவளின் காத்திருப்பு. நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், ஜன்னலுக்குத் திரை போட்ட இந்த உள்ளறையில் அவள் தேடியது அந்த மூன்று தட்டலை மட்டும்தான். நாளையோடு இத்தா முடிகிறது. வெளியே போனால் நாலு பேர் கேட்பார்கள், நாலு பேருக்கும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு நூர்ஜகான் பையோடு அறைவாசலில் நின்றாள். "அந்தக் கருமத்த இன்னும் நோண்டிக்கினுதான் இருக்கியா? கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்துர்றேன். வெளிய பூட்டிக்கினு போறேன்." அறைக்கதவைச் சாத்தினாள். வாசற்கதவில் பூட்டு விழுந்தது. அவள் ஏறிய ஷேர் ஆட்டோவின் இரைச்சல் தெருமுனையில் கரைந்தது.

கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, பிற்பகலே சாயங்காலமாகிவிட்டது. கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்ததும் அறையில் வேர்வையும், மடித்துவைத்த அவருடைய சட்டையின் அத்தர் வாசனையும் எழுந்தன. ஜெபீனா மறுபடி ஐந்தாவது கட்டத்தைத் தொடங்கினாள். தண்ணீர் சொட்டியது. கடிகாரம் நொண்டியது. விளக்குக்காரன் கூடத்தின் பாதிக்கு வந்தான்.

டக்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இருக்கிறது, விளையாட்டில்தான் இருக்கிறது. இத்தனை நாள் அழுதது வீண். சரியாகக் கேட்பதற்காக விளையாட்டை நிறுத்திவைத்தாள். சொட்டல் நின்றது. கடிகாரம் நின்றது.

டக்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அறைக்கதவுக்கு அந்தப் பக்கம். மூச்சு வாங்கும் குரல். வாசல் பூட்டியிருக்கிறது. சாவி ஆப்பாவிடம். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. சொன்னால் கதவு திறக்கும்.

துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

டக்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கதவுக்கு அந்தப் பக்கம் அது காத்திருந்தது. பிறகு கால்கள் திரும்பின. செருப்பு தேய்ந்து தேய்ந்து, வாசற்படிப் பக்கம் போய், அடங்கியது. அவர் சொன்ன சொல் மாறாதவர்.

அன்று கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று கேட்டது. கேட்டும் திறக்கவில்லை. ஜெபீனா வாயிலிருந்த துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள். டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

டக்.

நாலாவது.

கதவில் இல்லை. நெஞ்செலும்பில் அதிர்ந்தது.

டேப்லெட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். விளையாட்டு நின்றேதான் இருந்தது. கூடம் அசையவில்லை. நீளக்கைகள் அசையவில்லை. விளக்குக்காரன் மட்டும் திரும்பியிருந்தான். நேராக, அவளைப் பார்த்து. அரிக்கேன் வெளிச்சத்தில் வேர்வையில் நனைந்த தொப்பி. கம்பியைக் கீழே போட்டிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடக்கிய விரல்கள் மறுபடி உயர்ந்தன.