வளைவில் ஒரு வெள்ளிக் காப்பு!

"ஐயோ... நிறுத்துங்கண்ணே!"

ராக்காயி போட்ட அலறலில் காடே கலைந்தது.

ஜெயபாலன் பிரேக்கை மிதித்தான். தஞ்சோங் ரம்புத்தானுக்கு மேலே, பழைய ரப்பர் தோட்டம் முடிந்து அரசாங்கக் காடு தொடங்கும் செம்மண் ரோடு. அதைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர்தான் 1979-இல் அவனுக்குப் பிழைப்பு. முன்னால் நடந்து கல் பொறுக்கிப் போடுவது ராக்காயியின் வேலை.

குதித்து ஓடினான்.

கிரேடர் கத்தியின் முனையில்... ஒரு கை!

வெறும் எலும்பு! அதில் ஒரு வெள்ளிக் காப்பு!

"ராக்காயி... இது ராமையா காப்புலா!"

"என்னாண்ணே சொல்றீங்க? அவருதான் உங்க சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் ஓடிட்டாருன்னு..."

மீதியை விழுங்கினாள்.

ஊரே அப்படித்தான் சொன்னது. முதலில் சொன்னவர், ரோட்டு வேலையை மேய்க்கும் மண்டோர் பழனியப்பன். போன மழைக்காலத்தில் ஜெயபாலனின் மனைவி பாப்பாவும் உயிர் நண்பன் ராமையாவும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். அன்றிலிருந்து ராமையாவைச் சபிக்காமல் ஜெயபாலன் படுத்ததில்லை.

ஓடிப்போனவன் ரோட்டுக்கு அடியில் எப்படி...?

"இந்த வளைவத் தொடாதீங்கன்னு மண்டோரு சொல்லியிருந்தாரேண்ணே?"

"ரோட்டோர லோங்காங் கால்வா அடச்சி, தண்ணியெல்லாம் ரோட்டு மேல ஓடி அறுத்துருச்சி. அப்படியே விட்டா மரலோரி கவுந்துரும்லா!"

அவ்வழியே வந்த மரலோரியில் ஏறிப்போய் ராக்காயி போலீசுக்குச் சொன்னாள்.

லேண்ட் ரோவரில் இன்ஸ்பெக்டர் ஜைனுலாப்தீன் வந்தார். கூடவே மண்டோர்!

ஜெயபாலனுக்கு உயிர் வந்தது.

"மண்டோர்ண்ணே... இது நம்ம ராமையா!"

மண்டோர் அவனைப் பார்க்கவேயில்லை.

"சார்... இவன்தான் செஞ்சிருக்கான்! பொண்டாட்டி விஷயத்துல ரெண்டு பேருக்கும் பகை!"

காலடியில் ரோடு நழுவியது ஜெயபாலனுக்கு.

"அண்ணே... நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

இன்ஸ்பெக்டர் மண்டோரிடம் திரும்பினார்.

"இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஐயோ, இல்ல சார்! சத்தியமா இப்பத்தான் தெரியும். பாவி... மண்வெட்டியால பின்மண்டையில ஒரே போடு போட்டுல்ல பொதச்சிருக்கான்!"

"அப்படியா?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சிரித்தார்.

"கை மட்டுந்தான வெளிய வந்திருக்கு? மண்டை இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. நானே பாக்கல... நீங்க எப்படிப் பாத்தீங்க?"

மண்டோர் ஓட எத்தனித்தார். ஜெயபாலன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்!

"ஏன்? அவன் என்னா பாவம் செஞ்சான்?"

"நானும்... பாப்பாவும் இருந்தத அவன் பாத்துட்டான். ஒங்கிட்ட சொல்லிருவேன்னு நின்னான்..."

ஜெயபாலனின் பிடி தளர்ந்தது.

துரோகி என்று இத்தனை நாள் யாரைச் சபித்தானோ, அவன் ஒருவன்தான் துரோகம் செய்யாதவன்!

மண்ணில் மண்டியிட்டான். காப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"மச்சான்... உன்னப் போயி திட்டிட்டேனேடா..."

வெகுநேரம் எழவில்லை. யாரும் அவனை எழுப்பவும் இல்லை.

"பாப்பா எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தஞ்சோங் மாலிம்ல, சார். வீடு எடுத்து வச்சிருக்கேன். அவள ஒண்ணும் செஞ்சிறாதீங்க. கொன்னது நான் மட்டுந்தான். நான் வெளிய வர்ற வரைக்கும் எனக்காகக் காத்திருப்பா..."

ஸ்டேஷனில் ஜெயபாலன் வாக்குமூலம் கொடுத்து முடிக்கவும் போன் அலறவும் சரியாக இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"தஞ்சோங் மாலிம்லேருந்து பேசுறாங்க. வீடு பூட்டிக் கெடக்காம். பாப்பா போன வாரமே எதிர்வீட்டு டாக்சிக்காரரோட ஜொகூருக்குப் போயிட்டாங்களாம்!"

லாக்கப் கம்பியைப் பிடித்தபடி மண்டோர் சரிந்தார்.

"எனக்கா? எனக்கே துரோகமா?"

ஜெயபாலன் எழுந்து கம்பிக்கு அருகே போனான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் உதட்டில் ஒரு சிரிப்பு!

"மொத மாசந்தான் சோறு எறங்காது மண்டோர்ண்ணே... அப்புறம் ஜெயில் சோறுகூட ருசிக்கும்லா!"