வாஷிங் மெஷின் புலி

வாருங்கள் கண்ணுகளா, காற்றாடிக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். ஒரே ஒரு சொல்லால் ஒரு வீடே கலங்கிப்போன கதை சொல்கிறேன்.

பெக்கோக் என்ற ஊரில் ரூபினி என்று ஒரு பெண். பத்து வயது. அவள் தங்கை தேன்மொழிக்கு ஐந்து வயது. வாய்க்கு மட்டும் ஐம்பது வயது.

அந்த வாரம் செம்பனைத் தோட்டத்து ஓரம் புலியின் காலடித் தடம் தெரிந்ததாக ஊரெல்லாம் ஒரே பேச்சு. பிள்ளைகளைத் தனியே வெளியே விடுவதற்கே எல்லோருக்கும் பயம்.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டு வாஷிங் மெஷின் நுரையும் துணியுமாகப் பாதியில் நின்றுவிட்டது. அம்மா வாசுகி, வேலையிலிருந்த அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"கவலப்படாத லா! சதாசிவம் அண்ணன அனுப்புறேன். மெஷின் வேலையில அவரு புலி!" என்றார் அப்பா.

"அப்ப புலிய சீக்கிரம் வரச் சொல்லுங்க," அம்மா சிரித்தாள். "கேட்டத் தொறந்தே வைக்கிறேன்."

வாசற்படியில் ஐஸ் சப்பிக்கொண்டிருந்த தேன்மொழி, சப்புவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். ரூபினி அதைக் கவனித்தாள். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. சதாசிவம் மாமா கருவிப் பெட்டியோடு இறங்கி உள்ளே வந்தார். அம்மா அவருக்கு மெஷினைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

"தேனு எங்கடி?"

படியில் ஐஸ் உருகிக் கிடந்தது. தேன்மொழியைக் காணோம். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் செம்பனை மரங்கள், இருட்டாக.

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "தேனு! ஓடி வாடி! புலி மாமா வந்திருக்காரு பாரு!"



"தேனூ!" என்று கத்திக்கொண்டே அம்மா தோட்டத்தை நோக்கி ஓடினாள். ரூபினியும் ஓடப் பார்த்தாள். சட்டென்று நின்றாள்.

புலி மாமா. புலிய சீக்கிரம் வரச் சொல்லுங்க. கேட்டத் தொறந்தே வைக்கிறேன்.

பாலர் பள்ளி டீச்சர் சொன்னதை நேற்று தேன்மொழி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: 'புலி வந்தா, பக்கத்துல இருக்கிற வண்டியில ஏறிக் கதவப் பூட்டிக்கணும்!'

இங்கே இருப்பது ஒரே வண்டிதான்.

"அம்மா! வேன்!"

கொளுத்தும் வெயிலில் வேன் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே ஓர் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு குட்டிச் சடைகள் தெரிந்தன.

"அலமாக்! சாவி உள்ள இருக்கு!" மாமா தலையில் கை வைத்தார்.

"தொறடி தேனு!" அம்மா கண்ணாடியைத் தட்டினாள். எட்டிப் பார்த்த தேன்மொழி, மாமாவைக் கண்டதும் வீறிட்டு இன்னும் ஒடுங்கினாள். முகம் சிவந்து, முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது.

மாமா ஸ்பேனரை ஓங்கினார். "கண்ணாடிய ஒடைச்சிடுறேன்!"

"வேணாம் மாமா! அவ மேலேயே விழும். உங்களப் பாத்துதான் அவளுக்குப் பயம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

"நான் என்னம்மா பண்ணேன்?"

"நீங்க புலி, மாமா."

ரூபினி கண்ணாடியில் கன்னத்தை வைத்தாள். படபடப்பு வெளியே தெரியாமல் மெல்லப் பேசினாள். "தேனு, நீ பேச்சுல என்னன்னு அம்மா சொல்வாங்க?"

"கிளி." குரல் சன்னமாக வந்தது.

"உனக்கு றெக்க இருக்கா?"

தேன்மொழி முதுகைத் தடவிப் பார்த்தாள். "இல்ல."

"ஓட்டத்துல நான் மான்னு டீச்சர் சொன்னாங்க. கொம்பு இருக்கா பாரு." ரூபினி தலையைக் குனிந்து காட்டினாள்.

"இல்ல. பேன்தான் இருக்கு."

"ஆமா லா! ஒருத்தர் ஒரு வேலையில ரொம்பக் கெட்டிக்காரரா இருந்தா, அதுல அவரு புலின்னு சொல்வோம். மாமா மெஷின்ல மட்டுந்தான் புலி."

தேன்மொழி யோசித்தாள். "வாலு?"

"மாமா, திரும்பி நில்லுங்க!"

மாமா மரியாதையாகத் திரும்பி நின்றார்.

"அதோ! தொங்குது!"

"ஐயோ, அது ஸ்க்ரூடிரைவர்மா!" மாமா பின்பாக்கெட்டிலிருந்து அதை உருவிப் புல்லில் போட்டார்.

ஒரு நொடி. இரண்டு நொடி. டொக்!

கதவு திறந்தது. முதலில் அனல் வந்தது. பிறகு தேன்மொழி வந்தாள். அம்மா அவளை வாரி அணைத்துக்கொண்டாள். ரூபினி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மெஷின் மறுபடியும் சுற்றத் தொடங்கியபோது அப்பா கூப்பிட்டார். "என்ன, புலி வந்துச்சா?"

கைப்பேசியைத் தேன்மொழி பிடுங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர்.

"வந்துச்சுப்பா. வால நான் எடுத்து வச்சிருக்கேன்."

உங்கள் வீட்டுக்கும் இப்படிப்பட்ட புலிகளே வந்து போகட்டும், கண்ணுகளா. வீடு நிறையச் சிரிப்பும் சோறும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.