சும்மா தட்டு

சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகியிருந்தது. அதுவும் சும்மா தட்டில்.

வைரஸ் ஊற்றிய தட்டுகளில் செல்கள் வெறிபிடித்துத் தின்று பெருகும், ஊட்டத் திரவம் மஞ்சளாகும். அதைப் பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வைரஸே சேர்க்காத தட்டு ஒன்று ஓரமாக இருக்கும். எந்த வம்புதும்புக்கும் போகாது. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் சும்மா தட்டு. தன்னையும் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

விடுமுறை நாள். ஜன்னலில் மழை விடாமல் வழிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத மாடி முழுக்க உறைபெட்டிகளின் உறுமலும், செல்களைச் சூடாக வைத்திருக்கும் பெட்டிக்குள் வாயு நுழையும் மெல்லிய சீறலும், ஸ்பிரிட் வாசனையும், காயாத கோட்டின் புழுக்கமும் சேர்ந்து அவள் மேல் கவிந்திருந்தன. பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ரெட்ரோவைரஸ் செல்லுக்குள் நுழைந்து, அதன் மரபணுவிலேயே தன்னை எழுதிவிடும். செல் பிரியும்போதெல்லாம் அந்த எழுத்தும் சேர்ந்து பிரதியாகும். சில நேரம் அதுவே புற்றுநோய்க்குப் பிள்ளையார்சுழி. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுகிற கதைதான்.

ஆனால் சும்மா தட்டில் யாரும் ஒண்ட வரவில்லையே.

தட்டை நுண்ணோக்கிக்கடியில் வைத்தாள். நல்ல செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடும், மரியாதை தெரிந்தவை. இவை நிற்கவில்லை. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி மேடாகியிருந்தன.

அவை அவளுடைய செல்கள். ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்தபோது மிஞ்சிய சொட்டு. வாங்க வேண்டிய செல்கள் வந்துசேரவில்லை, வேலை நிற்கக் கூடாது என்று அதையே தட்டில் விட்டிருந்தாள். சொந்தச் செல்லை வளர்க்கக் கூடாது என்பது அங்கே பால்பாடம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

தட்டில் இருப்பதுதான் தம்பிக்குள்ளும் இருக்கிறது. அவளுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே உயிர் அவன்.

கைபேசி அதிர்ந்தது. தம்பி. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"லீவு நாள்லயும் அங்கதானா அக்கா? ஆளில்லாத கடையில டீ ஆத்துற."

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"ஜோரா இருக்கேன். கழுத்துல மட்டும் லேசா நெறி கட்டியிருக்கு."

அவன் சிரித்தான். லென்ஸுக்கடியில் மேடு நடுங்கியது.

மேசை அதிர்ந்திருக்கும். உறைபெட்டியாக இருக்கும்.

"தம்பி, கொஞ்சம் பேசாம இரு."

அவன் பேசவில்லை. மேடு அசையவில்லை.

அவன் இருமினான். மேடு குலுங்கியது.

"என்னக்கா, பதிலே காணோம்?"

மறுபடி. அவன் குரலுக்குத்தான். அவன் குரலுக்கு மட்டும்தான்.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. என் தம்பியைத் தின்னவா நான் உன்னைக் கொடுத்தேன்? கெட்டுப்போன தட்டைக் கொல்ல ஒரே வழிதான். ப்ளீச் பாட்டிலைத் திறந்தாள். நெடி மூக்கில் ஏறியது. தட்டின் இடது ஓரத்தில் சாய்த்தாள்.

செல்கள் வெளுத்தன. சுருண்டன. செத்தன.

"அக்கா."

"சொல்லுடா."

"கால் எரியுதுக்கா." மூச்சு வாங்கியது. "எலும்புக்குள்ள. மேல ஏறுது. அக்கா, என்னது இது?"

பாட்டில் கீழே விழுந்து உருண்டது. ப்ளீச்சை இழுத்தெடுக்க உறிஞ்சுகுழாயைத் தேடினாள். குழாய் நழுவியது.

லென்ஸுக்கடியில் பாதி மேடு சாம்பலாகக் கிடந்தது. மீதிப் பாதி உயிரோடு, தட்டின் வலது ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. தம்பி அலறிக்கொண்டிருந்தான். ப்ளீச் நிதானமாக அந்த ஓரத்தை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது.