ஒதுங்காத மாப்பிள்ளை

மாமனார் போய்ச் சேர்ந்த கையோடு எஸ்டேட் பங்களாவுக்கு உரிமை கொண்டாடி வந்து இறங்கிய மாப்பிள்ளைக்கு, கண்ணில் பட்டதெல்லாம் இளக்காரம்தான். தோட்டத்து இரும்புப் பாலத்தைப் பார்த்து வாய்விட்டே சிரித்தார். கணுக்கால் நனையாத ஓடை. அதற்குச் சிங்க முகங்கள், பூவேலைக் கைப்பிடி, நடக்க மரப்பலகைத் தளம், நடுவில் ஒரு ஆள் ஒதுங்கி நிற்க அரைவட்டமாக ஒரு பிதுக்கம். விருந்தாளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்து மெச்ச வேண்டும் என்று மனைவியின் கொள்ளுத்தாத்தா கட்டியதாம்.

"கொழுப்பெடுத்துக் கட்டின பொம்மைப் பாலம்."

"அந்தி நேரத்துல அதுல போகாதீங்க," என்றாள் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு. "போனாலும் நடுவுல ஒதுங்கி வழி விட்டுடுங்க. எதிர்ல வர்றதுக்கு வழி கிடைக்கலைன்னா, திரும்பி நம்ம பின்னாலயே வந்துடும். குழந்தை இருக்கிற வீடு."

"உங்களுது பயந்தாங்கொள்ளிப் பரம்பரை!"

வீம்புக்கென்றே அன்று அந்தியில் கிளம்பினார். எதிரே நிறைமாதக் கர்ப்பிணி வந்தாலும் ஒதுங்கி அறியாத மனிதர்.

போகும்போது ஒன்றுமில்லை. அக்கரையில் நின்று ஒரு சிகரெட்டை இழுத்து முடித்துவிட்டு, ஏளனச் சிரிப்போடு திரும்பினார்.

பாலத்தின் நடுவே வந்தபோது வீட்டுப் பக்கத்துப் பலகை கிறீச்சிட்டது.

அங்கே யாரும் இல்லை.

அடுத்த பலகை. அதற்கடுத்தது. அழுகிய பாசி நாற்றம் மெல்ல நெருங்கி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பிதுக்கம் இடது கைப்பக்கமே இருந்தது. ஓரடி ஒதுங்கினால் போதும்.

"த்தூ!"

துப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

சட்டையின் முன்பக்கம் சில்லென்று நனைந்தது.

பிறகு அவருக்குப் பின்னால் பலகைகள் கிறீச்சிடத் தொடங்கின.

பயமா என்று கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சாதித்திருப்பார். ஆனாலும் வாசலை அடையும்போது அந்த வீராதிவீரருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மனைவி கதவைத் திறந்தாள். நனைந்த சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. குழந்தையை மார்போடு அணைத்தபடி சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

அவர் உள்ளே நுழைந்தார்.

அவள் அப்படியே நின்றாள்.

"கதவைச் சாத்துடி, மடச்சி!" குரல் உடைந்து வந்தது.

குழந்தையின் கண்கள் வாசலிலிருந்து கூடம்வரை எதையோ பின்தொடர்ந்து போயின. மறுபடி வாசலுக்கு வந்தன. மறுபடி கூடத்துக்கு.

"உஸ்ஸ்..." தலை நிமிராமல் அவள் கிசுகிசுத்தாள். "கொஞ்சம் இருங்க. இன்னும் உள்ள வந்து முடியல."